ஒலிம்பியா லூப்பிங்: அடித்தளமே இல்லாமல் ஐந்து வளையங்கள் எப்படி நிற்கின்றன?

கேள்வி: ஈரோட்டு மணி

போன ஆண்டு ஜூலையில் வேலை கிடைத்து மியூனிக் வந்தேன். படித்தது இயந்திரப் பொறியியல், செய்வது பம்பு வடிவமைப்பு. செப்டம்பர் கடைசியில் அலுவலக நண்பர்கள் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழாவுக்குக் கூட்டிப் போனார்கள். கூடாரத்துக்கு வெளியே வரிசை அனுமார் வால் போல நீண்டிருந்தது. நான் மெல்லக் கழன்றுபோய் ஒலிம்பியா லூப்பிங் என்ற ரோலர் கோஸ்டரில் ஏறினேன். ஒலிம்பிக் சின்னத்தைப் போல ஐந்து நிறங்களில் ஐந்து செங்குத்து வளையங்கள். உயரம் 32.5 மீட்டர், பாதையின் நீளம் 1,250 மீட்டர், வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று பின்னர் படித்தேன்.

இறங்கியபோது கால் நடுங்கியது. அதைவிட அதிகம் அதிர்ந்தது அக்டோபர் முடிவில்தான். சைக்கிளில் விழா நடந்த அதே தெரசியன்வீஸ மைதானத்தைக் கடந்தேன். கோஸ்டர் இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டுத் தரையைக் குனிந்து பார்த்தேன். கான்கிரீட் மேடை இல்லை, போல்ட் முனைகள் இல்லை, மூடிய குழிகூட இல்லை. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வரும் ராட்டினத்தையே குழி தோண்டி, முளை அடித்து, நாலு பக்கமும் கம்பிக்கயிறு இழுத்துக் கட்டுவார்கள். இவ்வளவு பெரிய இரும்புமலை எதைப் பிடித்துக்கொண்டு நின்றது?

இன்னும் இரண்டு சந்தேகம். வேறு பூங்காக்களில் தலைகீழாகப் போகும் கோஸ்டர்களில் ஏறியிருக்கிறேன். அங்கெல்லாம் இல்லாத அளவுக்கு இங்கே ஒவ்வொரு வளையத்தின் அடியிலும் தாடை நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. அது ஏன்? தோளைப் பிடிக்கும் கவசம் எதுவும் கிடையாது, மடிமேல் ஒரு கம்பி மட்டும்தான். ஐந்து முறை தலைகீழாகப் போகும் வண்டிக்கு அது எப்படிப் போதும்?

பதில் 1: பரணி

தரைக்கு அடியில் நிரந்தரமாகக் கான்கிரீட் போட்டிருப்பார்கள். விழா முடிந்ததும் மேலே சரளை கொட்டி மூடிவிடுவார்கள். வேறு எப்படி முடியும்?

பதில் 2: சில்லையா

தம்பி மணி, பரணி சொல்வதை நம்பி மண்வெட்டியோடு மைதானத்துக்குப் போய்விடாதீர்கள். போலீஸ் பிடிக்கும், கான்கிரீட்டும் கிடைக்காது.

நான் 1986இல் ஜேர்மனிக்கு வந்தவன். பாலம், ஆலைக் கொட்டகை என்று இரும்புச் சட்டம் பூட்டும் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். வீஸன் விழாவுக்கு, அதாவது அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு, நான் போவது குறைவு. ஆனால் விழாவுக்கு முன்னால் ஓகஸ்ட் மாதத்தில், ஒரு போத்தலில் தேநீரோடு மைதானத்து ஓரத்தில் இருக்கும் பவாரியா சிலையின் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவேன். அங்கிருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் கண்ணுக்குள் அடங்கும். ஒலிம்பியா வந்த ஆண்டுகளில் அந்தக் கோஸ்டர் எழும்புவதை வாரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஓடும்போது அதைப் பார்க்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பேன்.

அடியிலிருந்து தொடங்குகிறேன். முதலில் வருவது தண்டவாளம் அல்ல, தரைச் சட்டங்கள். கனத்த இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று கோத்துப் பாய் விரித்தமாதிரி பரப்புவார்கள். சுமார் 85 மீட்டர் நீளம், 36 மீட்டர் அகலம். தூண்கள் எல்லாம் இந்தப் பாயின் மேல்தான் நிற்கும். மொத்த எடையும் பரந்த இடத்தில் பகிர்ந்துவிடுவதால் தரையைக் குத்தாது. ஒரு பக்கம் சாய நினைத்தாலும் மறுபக்கத்து எடை இழுத்து வைக்கும். உங்கள் ஊர் ராட்டினம் ஒல்லியாக உயர்ந்து நிற்பது, அதற்குக் கயிறு வேண்டும். இது காலை அகட்டி உட்கார்ந்திருப்பது.

தரை மேசைபோலச் சமமாக இருக்காது. ஒரு மூலை ஒரு சாண் தாழ்ந்திருக்கும். அதைச் சரிசெய்வது என்ன தெரியுமா? மரக்கட்டை. பலகைகளையும் கட்டைகளையும் அடுக்கி, மேலே ஆப்பு வைத்து, அளவு கருவியில் பார்த்துப் பார்த்துத் தட்டுவார்கள். எங்கள் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் சில்லுக்குப் பக்கத்திலேயே நடந்து, அரை அங்குலம் தள்ளி ஒரு கட்டை வைத்தால் முழுத்தேரும் திரும்பிக்கொடுக்கும் அல்லவா, அந்தக் கை சாமர்த்தியம்தான் இங்கேயும். ஒவ்வொரு மைதானத்திலும் இந்த அடுக்கு வேறு. கணினியில் வரைந்த பாதை, மரக்கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது லொறி. ஐரோப்பியச் சாலையில் சாதாரண அனுமதியோடு ஓடும் லொறிக்கு 2.55 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம்தான் வரம்பு. எந்தத் துண்டும் அதற்குள் அடங்க வேண்டும். வளையத்தை வரைவதற்கு முன் அந்த மனிதர்கள் லொறியை வரைந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். எந்த இடத்தில் வெட்டினால் துண்டு லொறிக்குள் போகும், எந்த இடத்தில் வெட்டினால் பொருத்து பலமாக இருக்கும் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே விடை கிடைக்கும்வரை விட்டிருக்கமாட்டார்கள். நிரந்தரப் பூங்காவுக்கு வரைகிறவருக்கு இந்தத் தலைவலி பாதிதான்.

துண்டுகளை இணைப்பதில் பெரும்பகுதி போல்ட்டும் பின்னும். பின் என்றால் கைப்பருமன் உருக்கு உருளை; துளைக்குள் தட்டிவிட்டு முனையில் ஒரு வளைந்த கம்பிக் கிளிப்பைச் செருகிவிட்டால் கழன்று வராது. ஒரு கோடையில் எங்கள் கம்பெனிக்கு வேலை குறைந்தபோது ஒரு சின்னக் கோஸ்டர் பூட்டும் குழுவில் நான்கு வாரம் கூலிக்குப் போனேன். எந்தக் குழு, எந்த ஊர் என்பது வேண்டாம். ஒருநாள் மாலை மேற்பார்வையாளர் கிளிப் பெட்டியை எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது. விலை இரண்டு மார்க்கூட இராது. மேலே எங்கோ ஒரு பின்னில் கிளிப் இல்லையா, அல்லது கிளிப் தொலைந்துவிட்டதா என்று தெரியாமல் ஒருவரையும் வீட்டுக்கு விடமாட்டேன் என்றார். இருட்டும்வரை டோர்ச் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பின்னாகத் தடவினோம். கடைசியில் அது என்னுடைய களிசான் பைக்குள் இருந்தது. அன்று வாங்கிய திட்டு இன்றும் எனக்கு நல்ல ஜேர்மன் மொழிப் பயிற்சியாக நினைவில் இருக்கிறது.

இதற்கெல்லாம் மேலே ஒரு புத்தகம் உண்டு. இடம்விட்டு இடம் போகும் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் இந்த நாட்டில் ஒரு சோதனைப் புத்தகம் இருக்கும். வரைபடம், கணக்கு, எந்த ஆண்டு என்ன பழுது, யார் பார்த்தார் எல்லாம் அதில். புதிய இடத்தில் பூட்டிய பிறகு அதிகாரி வந்து பார்த்துப் புத்தகத்தில் எழுதும்வரை ஒரு மனிதரையும் ஏற்ற முடியாது. முதலில் மணல்மூட்டைகளை உட்காரவைத்து ஓட்டுவார்கள். பாவம், அவை கத்துவதில்லை.

வரலாறு கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விடமாட்டேன். இதன் பிறப்புக்கு அன்டன் ஷ்வார்ட்ஸ்கோப்ஃப் என்ற மனிதர் காரணம். 1924இல் பிறந்தவர், பவேரியாவில் மியூன்ஸ்டர்ஹவுசன் என்ற சிறிய ஊரில் பட்டறை. திருவிழாக்காரர்கள் குடும்பத்தோடு தங்கிப் பயணிக்கும் வண்டிகள் செய்துகொடுத்த பட்டறை அது. வாடிக்கையாளர்கள் அவர்கள்தான் என்பதால் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது: கெதியாகப் பூட்ட வேண்டும், கெதியாகக் கழற்ற வேண்டும், ஒரு நாளில் நிறையப் பேரை ஏற்ற வேண்டும். 1957இல் முதல் கோஸ்டர் செய்தார். ஜெட் ஸ்டார், வைல்ட்கேட் என்று வரிசையாக வந்தவை எல்லாம் இந்தக் குணத்தோடு பிறந்தவை.

கணக்குப் போட்டவர் வேர்னர் ஸ்டெங்கல். 1976இல் கலிஃபோர்னியாவில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டரில் இந்த இருவரும் சேர்ந்துதான் செங்குத்து வளையத்தை நவீன காலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பும் வளையம் இருந்தது. 1895இல் நியூயோர்க்கின் கோனி தீவில் ஃபிளிப் ஃபிளாப் என்று ஒன்று ஓடியது; சுத்தமான சிறிய வட்டம். ஏறியவர்களின் கழுத்து என்ன பாடுபட்டது என்பதுதான் அதன் புகழ். சில ஆண்டுகளில் மூடிவிட்டார்கள். ஸ்டெங்கல் வட்டத்தை விட்டுவிட்டுக் கண்ணீர்த்துளி வடிவத்தைப் பிடித்தார்: அடியில் அகன்ற வளைவு, மேலே போகப்போக இறுக்கமான வளைவு. ரயில்பாதையில் நேர்கோட்டிலிருந்து வளைவுக்குத் திரும்பும்போது போடுகிற அதே மாறுவளைவுதான்.

பிறகு 1989இல் ருடோல்ஃப் பார்ட் என்ற திருவிழாக்காரருக்காக ஒலிம்பியா வந்தது. இருப்பதிலேயே பெரிய நடமாடும் கோஸ்டர். ஒவ்வொன்றிலும் 28 பேர் உட்காரும் ஐந்து ரயில்கள். 1972 ஒலிம்பிக் நடந்த நகரம், ஐந்து வளையம், இனி அதற்கு விளம்பரம் எதற்கு? ஆனால் ஒலிம்பிக் வளையம் கண்ணீர்த்துளியாக இருந்தால் யாருக்கு அடையாளம் தெரியும்? வட்டமாகத்தான் இருக்க வேண்டும். கண்ணீர்த்துளியைக் கொண்டுவந்த அதே கைகள் மறுபடி வட்டத்துக்குப் போயின. உங்கள் தாடை நெஞ்சில் ஒட்டியதன் காரணம் அதுதான் தம்பி. 5.2 ஜி, அதாவது உங்கள் எடையைப்போல 5.2 மடங்கு என்று சொல்கிறார்கள். நீங்கள் 70 கிலோ என்றால் அந்தக் கணத்தில் 364 கிலோ.

மடிக்கம்பி கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வளையம் முழுவதும் இருக்கை உங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. உச்சியில்கூட நீங்கள் தொங்கவில்லை. தோள் கவசம் இருந்திருந்தால் அதில் காது இடிபட்டு இன்னும் மோசமாக இறங்கியிருப்பீர்கள்.

பதில் 3: நிர்மலா டீச்சர்

மதுரையில் 22 ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். ரோலர் கோஸ்டரில் ஏறியதில்லை, ஏறும் உத்தேசமும் இல்லை. ஆனால் எண்களைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

சில்லையா ஐயாவின் விளக்கம் அருமை. இரண்டு இடத்தில் மட்டும் இடறுகிறது.

முதலாவது வேகம். உராய்வே இல்லை, 32.5 மீட்டரும் அப்படியே தரைவரை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 × 9.8 × 32.5 என்பது 637. அதன் வர்க்கமூலம் விநாடிக்கு 25.2 மீட்டர். மணிக்கு 91 கிலோமீட்டர். நூறு எங்கிருந்து வந்தது? நூறு வர வேண்டுமென்றால் 39 மீட்டருக்கு மேலிருந்து விழ வேண்டும். உச்சியில் ரயில் கொஞ்சம் வேகத்தோடு வந்தாலும், விநாடிக்கு 3 மீட்டர் என்றே வையுங்கள், கீழே மணிக்கு 0.6 கிலோமீட்டர்தான் கூடும். நீளமான ரயில் என்பதால் அதன் நடுப்பகுதி இறங்குவதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். அது வேகத்தை இன்னும் குறைக்கும்.

இரண்டாவது வட்டம். உராய்வில்லாத முழு வட்டத்தில் அடியில் உணரும் ஜி-க்கும் உச்சியில் உணரும் ஜி-க்கும் இடையே எப்போதும் 6 வித்தியாசம் இருக்கும். ஆரம் எதுவானாலும் சரி. அடியில் 5.2 என்றால் உச்சியில் மைனஸ் 0.8. அதாவது மணி தம்பி மடிக்கம்பியில் தொங்கியிருக்க வேண்டும். உராய்வைச் சேர்த்தால் இன்னும் மோசம். உச்சியில் தொங்கவில்லை என்று ஐயாவே சொல்கிறார். ஆகவே அது முழு வட்டமாக இருக்கவே முடியாது. 91 கிலோமீட்டர் வேகத்தில் 5.2 ஜி என்றால் அடியில் வளைவின் ஆரம் ஏறக்குறைய 15.5 மீட்டர். அதே ஆரத்தில் வட்டத்தை முடித்தால் வளையத்தின் உயரம் 31 மீட்டர். புறப்பட்ட இடத்தின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. ரயில் அங்கே ஊர்ந்துதான் போகும். நிச்சயம் மேல்பகுதியின் ஆரம் சிறியது.

பதில் 4: சில்லையா

டீச்சர், பிடித்துவிட்டீர்கள். வட்டம் என்று நான் எழுதியது கண்ணுக்குத் தெரிந்ததை. மற்றக் கோஸ்டர்களின் வளையத்தோடு பார்த்தால் இது வட்டத்துக்கு மிக நெருங்கியது, அவ்வளவுதான். அடியில் உள்ள விரிவு தூண்களுக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவே மறைந்துபோகிறது. எதிரே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு மேல்பாதி மட்டும்தான் மனத்தில் பதியும். நானும் முப்பது வருடம் அண்ணாந்து பார்த்து ஏமாந்த ஆள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனாலும் கண்ணீர்த்துளியை அந்த அளவு நெருக்கிப் பிடித்த விலைதான் அந்த 5.2 என்பதில் நான் மாறவில்லை.

100 கிலோமீட்டர் விஷயத்தில் வாதாடமாட்டேன். 91 என்று பலகையில் எழுதினால் யார் டிக்கெட் வாங்குவார்?

பதில் 5: கிள்ளான் குமரன்

ஐயா, ஒரு கேள்வி. 1990களின் பிற்பாதியில் எங்கள் மலேசியாவில், சன்வே லகூன் பூங்காவில், மூன்று வளையம் கொண்ட கோஸ்டர் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஏறி, காலை உணவை முழுவதும் திருப்பிக் கொடுத்தேன். சில ஆண்டுகளில் காணாமல் போய்விட்டது. அதுவும் இந்த வகையைச் சேர்ந்ததா?

பதில் 6: சில்லையா

அதே குடும்பம்தான் தம்பி. பெயர் டிரையர் லூப்பிங், மூன்று வளையம் என்று அர்த்தம். ஒலிம்பியாவுக்கு அக்கா. அதே ஷ்வார்ட்ஸ்கோப்ஃப், அதே பார்ட், 1984. ஜேர்மனித் திருவிழாக்களில் அலைந்த பிறகு உங்கள் நாட்டுக்கு வந்தது. அங்கிருந்து 2000இல் இங்கிலாந்தில் ஃபிளமிங்கோ லேண்டுக்குப் போய் மேக்னம் ஃபோர்ஸ் ஆனது. பிறகு 2007இல் மெக்சிகோ நகரத்தில் சாப்புல்தெபெக் பூங்காவில் ஓடத் தொடங்கியது; அங்கே பின்னாளில் கிமேரா என்று பெயர் மாறியது. அங்கேதான் 2019 செப்டம்பர் 28 அன்று கடைசிப் பெட்டி தடம்புரண்டு இருவர் இறந்தார்கள். பூங்காவையே மூடினார்கள். பின்னர் அமெரிக்காவில் இந்தியானா பீச் என்ற பூங்கா அதை வாங்கிக்கொண்டது. நாடு மாறி நாடு வந்தவன் என்பதால் எனக்கு அந்த வண்டியிடம் ஒரு பரிவு உண்டு.

அந்த விபத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்லவில்லை, நான் அங்கே இல்லை. பொதுவாக ஒன்றைச் சொல்கிறேன். திருவிழாவில் ஓடும் வண்டி ஒவ்வொரு பருவமும் பல தடவை துண்டு துண்டாகக் கழற்றப்படும். ஒவ்வொரு பின்னும் ஒரு மனிதனின் கைக்குள் வந்துபோகும். துளை பெருத்திருந்தால், விளிம்பில் மயிர்க்கீறல் விழுந்திருந்தால், பூட்டுகிறவனின் உள்ளங்கைக்கே முதலில் தெரியும். ஒரே இடத்தில் நட்டுவைத்துவிட்டால் அந்தக் கை அங்கே போவதற்குக் காரணமில்லாமல் போகிறது. ஏணி வைத்து ஏறித் தேடினால்தான் உண்டு. கழற்றிப் பூட்டுவதால் தேய்மானம் கூடும் என்று எங்களோடு வேலை செய்த பொறியியலாளர் வாதாடுவார். அதுவும் சரிதான். இருந்தாலும் பத்து வருடம் கழற்றாத பொருத்தைவிட நேற்றுப் பூட்டிய பொருத்தின் மேல் ஏறத்தான் எனக்குத் துணிவு வரும்.

பதில் 7: பரணி

கான்கிரீட் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். லண்டனில் இருக்கும் என் மச்சான், குளிர்கால விழாவுக்கு ஹைட் பார்க்கில் இதைப் பார்த்ததாகச் சொல்கிறான். அங்கே பெயர் மியூனிக் லூப்பிங். ராஜாங்கத்துப் புல்வெளியில் கான்கிரீட் கொட்ட யார் விடுவார்கள் என்று அவன் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

பதில் 8: ஈரோட்டு மணி

அனைவருக்கும் நன்றி. நிர்மலா டீச்சரின் கணக்கை அலுவலகத்தில் வெள்ளைப் பலகையில் எழுதினேன். ஜெர்மன் நண்பர் ஒருவர் நூறு என்பதற்காகப் பத்து நிமிடம் சண்டை போட்டுவிட்டு, வர்க்கமூலத்தைத் தானே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் காபி எடுக்கப் போனார்.

சில்லையா ஐயா, என்னிடம் இருக்கும் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிசையில் நின்றபோது எடுத்தவை. தூணின் காலடியில் பலகைகள் அடுக்கியிருக்கின்றன, நீங்கள் சொன்னபடியே ஆப்பும் இருக்கிறது. அன்று அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டு கைபேசியைப் பார்த்திருக்கிறேன். வரும் ஓகஸ்ட்டில் பவாரியா படிக்கட்டுக்கு வரலாமா? தேநீர் நான் கொண்டுவருகிறேன்.

பதில் 9: சில்லையா

வாருங்கள். காலை எட்டுக்கு முன் வந்தால் மேல்படியில் இடம் கிடைக்கும். எந்தப் பெரிய கோஸ்டர் வருகிறதோ அதைப் பார்ப்போம். தேநீரில் சீனி வேண்டாம், டாக்டர் புத்தகத்தில் எழுதிவிட்டார்.